பதிவாவது உங்கள் விரல்தான்

வீட்டிலேயே கம்ப்யூட்டரும் கீபோர்டும் வைத்துப் பாட்டுப் போடத் தொடங்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில சொற்கள்.

1. மிடி கேபிளில் ஒலி போவதில்லை. எந்தக் கீயை எப்போது அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற செய்திதான் போகிறது. வெவ்வேறு கம்பெனிகளின் சின்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983-இல் வந்த ஏற்பாடு இது. ஆக, சாஃப்ட்வேரில் பதிவாவது உங்கள் விரல். ஒலியை நாளைக்கும் மாற்றிக்கொள்ளலாம். வாசிப்பு நன்றாக இருக்க வேண்டியது இன்றைக்கு.

2. தாமதத்தை முதலில் ஒழியுங்கள். கீயை அழுத்தி ஒலி பிந்தி வந்தால் கை தானாகவே தடுமாறும். 48,000 சாம்பிள் ரேட்டில் பஃபர் 1024 என்றால் அதற்கே 21 மில்லிசெகண்ட் போய்விடும். 128 என்றால் 3-க்கும் குறைவு. பதியும்போது சிறிதாகவும் மிக்ஸ் செய்யும்போது பெரிதாகவும் வையுங்கள்.

3. வெலாசிட்டியை, அதாவது கீயை அழுத்தும் வேகத்தின் அளவைப் பாருங்கள். அது 1 முதல் 127 வரை ஓடும். மெதுவாகவும் அழுத்தமாகவும் வாசித்துப் பார்த்தபின் எல்லாம் 100-க்கு மேலேயே குவிந்திருந்தால், கீபோர்டின் வெலாசிட்டி கர்வை மாற்றிவிட்டுப் பதியுங்கள். மவுஸால் ஒவ்வொன்றாக இறக்குவது வீண் வேலை.

4. ஒரு கீயை அழுத்த, ஒலி இரட்டித்துத் தடித்துக் கேட்கிறதா? கீபோர்டின் சொந்த ஒலியும், சாஃப்ட்வேர் வழியாகச் சுற்றித் திரும்பும் ஒலியும் சேர்ந்து வருகின்றன. கீபோர்டில் லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள்.

5. தாளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஆதி தாளத்துக்கு 4/4-இல் இரண்டு பார். மிஸ்ர சாபுக்கு 7/8. டெம்போ நிச்சயமான பிறகு கிளிக்கோடு வாசியுங்கள். கிளிக் இல்லாமல் வாசித்ததைப் பிறகு கட்டத்துக்குள் அடக்குவது பெரும்பாடு.

6. வாசித்ததைக் கட்டத்துக்கு இழுக்கும் குவான்டைஸை நூறு சதவீதம் போடாதீர்கள். முதலில் டிராக்கை ஒரு காப்பி எடுத்துவிட்டு, ஐம்பது, அறுபதில் தொடங்குங்கள். கிக் டிரம் இறுக்கமாக நிற்கட்டும். பியானோவும் வயலினும் சற்று முன்பின் இருந்தால்தான் மனிதர் வாசித்ததாகத் தோன்றும்.

7. கமகத்துக்குப் பிட்ச் பெண்ட் வீலைப் பழகுங்கள். அதில் 16,384 படிகள் உண்டு. பெரும்பாலான கருவிகளில் அதன் எல்லை மேலே இரண்டு செமிடோன், கீழே இரண்டு. தோடியை எடுத்துக்கொள்ளுங்கள்: சாதாரண காந்தாரக் கீயை அழுத்தி வீலை அசைத்தால் கீழே சுத்த ரிஷபம், மேலே சுத்த மத்யமம் இரண்டும் சரியாக அந்த எல்லைக்குள் அகப்படும். நீண்ட ஜாரு வேண்டுமென்றால் எல்லையைப் பன்னிரண்டாக்குங்கள், ஆனால் பதிவதற்கு முன்பே. பதிந்த பிறகு மாற்றினால் கமகம் முழுவதும் சுருதி விட்டுப் போகும். இன்னொன்று: வீல் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரத்தையும் சேர்த்தே வளைக்கும். கார்டு ஒரு டிராக்கிலும், கமக மெலடி வேறு டிராக்கிலும், சேனல் கலக்காமல் இருக்கட்டும். ஒரு கை வாசிக்க, மறு கை வீலில் இருக்க, இரண்டையும் ஒரே டேக்கில் பதியுங்கள். வாயால் பாடிக்கொண்டே செய்தால் வீல் பாட்டின் வழியே போகும்.

8. வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் 24 பிட் வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள். மிடி ஃபைலில் ஒலி இல்லை. ஒலி தரும் பிளக்-இன் சில வருடம் கழித்துத் திறக்காமல் போனால் உங்கள் பாட்டு ஊமையாகிவிடும். மிடி, ஆடியோ இரண்டையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

9. திருத்த வசதி இருக்கிறதே என்று அரைகுறையாக வாசிக்காதீர்கள். ஒரு வரி சரியாக வரவில்லையென்றால் டெம்போவைக் குறைத்து அதைச் சாதகம் செய்யுங்கள். பிறகு முழு வேகத்தில் மறுபடி பதியுங்கள். அப்படிச் செய்தால் பாட்டும் தேறும், கையும் தேறும். மவுஸால் திருத்தினால் பாட்டு மட்டும்தான் தேறும்.