அண்டையில் எளியோர் குடியிருப்பு: அச்சமும் அனுபவமும்

வளர்ந்து வரும் புறநகர் ஒன்றில் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான குடியிருப்பு அமையவிருக்கிறது என்ற அறிவிப்பு வெளியானதும், அங்கு ஏற்கெனவே வீடு வாங்கியோர் உள்ளத்தில் நான்கு கேள்விகள் எழுகின்றன. வீட்டின் மதிப்பு குறையுமா? பாதுகாப்பு கெடுமா? வரிச்சுமை கூடுமா? குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் சாலையும் கூடுதல் மக்களைத் தாங்குமா? இக்கேள்விகளை இகழ்ந்து ஒதுக்குவது முறையன்று. ஆராயாமல் அவற்றையே விடையாகக் கொள்வதும் முறையன்று.

அச்சத்தின் வேர்

நடுத்தரக் குடும்பத்தின் மிகப்பெரிய உடைமை வீடே. அதுவும் பெரும்பாலும் கடனில் வாங்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் விதிமுறைகளின்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன், வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை இருக்கலாம். 30 லட்சம் ரூபாய் வீட்டை 27 லட்சம் ரூபாய்க் கடனுடன் வாங்கிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் செலுத்திய சொந்தப் பணம் 3 லட்சம். சந்தை மதிப்பு பத்தில் ஒரு பங்கு இறங்கினால், அந்தச் சேமிப்பு முழுவதும் கணக்களவில் மறைந்துவிடும். மாதத் தவணையோ ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆகவே, எதிர்ப்புக் குரல் அனைத்தையும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. ஆயினும், அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதனாலேயே அஞ்சியது நடந்துவிடும் என்று பொருளாகாது. நடந்ததா என்பதை அளந்து பார்த்த ஊர் ஒன்று உண்டு.

மவுண்ட் லாரல் வழக்கு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு அருகே உள்ளது மவுண்ட் லாரல். 1960இல் 5,249ஆக இருந்த அதன் மக்கள்தொகை 1970இல் 11,221ஆயிற்று. விளைநிலங்கள் வீட்டுமனைகளாயின, விலை ஏறியது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த எளிய கறுப்பினக் குடும்பங்களுக்குச் சொந்த ஊரிலேயே இடமில்லாமற் போயிற்று. அவர்களுக்காக 36 வீடுகள் கட்ட முன்வைக்கப்பட்ட திட்டத்துக்கு ஊராட்சி இசைவு மறுத்தது. எதெல் லாரன்ஸ் என்னும் பெண்மணி முன்னின்று தொடுத்த வழக்கில், 1975இல் மாநில உச்ச நீதிமன்றம் வரலாறு படைத்த தீர்ப்பை வழங்கியது: வளரும் ஒவ்வோர் ஊரும் எளியோரின் வீட்டுத் தேவையில் தனக்குரிய நியாயமான பங்கை ஏற்க வேண்டும். 1983இல் அதே நீதிமன்றம் இதனை மேலும் வலுப்படுத்தியது.

தீர்ப்பு வந்தும் வீடு வரப் பல ஆண்டுகள் ஆயின. 1997இல் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை, கூட்டங்களில் எழுந்த அச்சங்கள் நாம் மேலே கண்டவையே. எதெல் லாரன்ஸ் 1994இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய குடியிருப்பு 2000இல் திறக்கப்பட்டு, பின்னர் 140 வீடுகளாக நிறைவுற்றது.

அளவீடு கூறியது

சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் அவர்தம் குழுவினரும் இக்குடியிருப்பை ஆராய்ந்து, 2013இல் நூலாக வெளியிட்டனர். குடியிருப்பு அமைவதற்கு முன்னும் பின்னும் இருந்த நிலைமைகளை, அருகிலுள்ள ஊர்களின் போக்கோடு அவர்கள் ஒப்பிட்டனர். வீட்டு மதிப்பு, குற்றங்கள், வரி ஆகிய மூன்றிலும் குடியிருப்பால் விளைந்த பாதிப்பு எதுவும் காணப்படவில்லை. அண்டை வீட்டாரில் கணிசமானோருக்கு அப்படியொரு குடியிருப்பு அருகில் இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

குடிவந்தோர் நிலையோ வெகுவாக உயர்ந்தது. விண்ணப்பித்தும் இன்னும் வீடு பெறாதவர்களோடு ஒப்பிடுகையில், இவர்களிடம் வேலையும் வருவாயும் கூடியிருந்தன. மன உளைச்சல் குறைந்திருந்தது. பிள்ளைகள் படிப்பில் செலவிட்ட நேரம் மிகுந்திருந்தது.

ஒரே ஊரின் அனுபவத்தை எல்லா ஊர்களுக்கும் விதியாக்கலாகாது. ஆயினும், அது வெற்றி பெற்ற காரணங்களை அறிவது பயனுடையது. எண்ணிக்கை சிறியது, தோற்றம் சுற்றியுள்ள வீடுகளை ஒத்தது, விண்ணப்பங்கள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன, பராமரிப்பு இடைவிடாது நடந்தது.

செயின்ட் லூயிஸ் நகரின் புரூட்-ஐகோ குடியிருப்பு இதற்கு நேர்மாறானது. 1954இல் மக்கள் குடியேறத் தொடங்கிய அங்கே, 33 பதினோரு மாடிக் கட்டடங்களில் எளியோர் மட்டுமே ஓரிடத்தில் திரட்டப்பட்டனர். வாடகையைக் கொண்டே பராமரிப்பு என்பது ஏற்பாடு. குடியிருப்போர் குறையக் குறைய வாடகை வரவு குறைந்தது, பழுதுகள் பெருகின, அதனால் மேலும் பலர் வெளியேறினர். 1972இல் இடிப்பு தொடங்கியது. ஆகவே, குடியிருப்பின் தலைவிதியை அதில் வாழ்வோரின் வருவாய் மட்டும் தீர்மானிப்பதில்லை. அளவும் பராமரிப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

நம் நாட்டுக்குரிய பாடம்

இந்தியாவின் 2007ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புற வீட்டுவசதிக் கொள்கை, புதிய வீட்டுத் திட்டங்களில் 10 முதல் 15 விழுக்காடு நிலத்தையோ, அல்லது 20 முதல் 25 விழுக்காடு தளப்பரப்புக் குறியீட்டையோ எளியோருக்கு ஒதுக்குமாறு வலியுறுத்தியது. 2015இல் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் தொடங்கிற்று. அதன்படி ஆண்டு வருவாய் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்கள் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆவர். அடுக்ககத்தின் காவலாளி, வீட்டுப் பணியாளர், ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி ஆகியோர் பலரும் இப்பிரிவினரே. புறநகர் இவர்கள் உழைப்பால் இயங்குகிறது. இவர்களுக்கு அங்கே இடமில்லையெனில், ஊதியத்தின் ஒரு பகுதியும் நாளின் சில மணி நேரமும் பயணத்தில் கரையும்.

நான்காவது கேள்வியாகிய குடிநீரும் சாலையும் மட்டும் தனியே கருதத்தக்கது. அது வருவாயைப் பொறுத்ததன்று. உயர் விலை அடுக்ககம் எழுந்தாலும் அதே குழாய்தான், அதே சாலைதான். ஆகவே அக்கேள்வியை எல்லாத் திட்டங்களிடமும் ஒரே வகையில் எழுப்புவதே நேர்மை.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கேட்கத்தக்கவை

1. மொத்த வீடுகள் எத்தனை? ஒரே இடத்திலா, பிரித்தா?
2. குடிநீர், கழிவுநீர், சாலை வசதிகள் குடியேற்றத்துக்கு முன்பே நிறைவுறுமா?
3. பள்ளி, மருத்துவமனை, பேருந்து வசதி எவ்வளவு தொலைவில் உள்ளன?
4. ஐந்தாண்டுகளுக்குப் பின் மின்தூக்கி, மோட்டார் முதலியவற்றைப் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது? அதற்கான நிதி எங்கிருந்து வரும்?
5. பயனாளிகள் தேர்வு வெளிப்படையாக நடைபெறுமா?

இவற்றுக்குத் தெளிவான விடை பெறும் அண்டை வீட்டார் தம் உடைமையைக் காத்துக்கொள்கின்றனர்; புதிதாக வருவோரின் வாழ்வையும் காக்கின்றனர். திட்டமே வேண்டாம் என்று தடுப்பவருக்கு இவ்விரண்டும் கிட்டுவதில்லை.