பிலும் என்னும் நூற்பை

ஆஸ்திரேலியாவிற்கு வடக்கே நியூகினி என்னும் பெருந்தீவு உள்ளது. அதன் கிழக்குப் பகுதி, 1975ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற பாப்புவா நியூகினி நாட்டைச் சேர்ந்தது. மேற்குப் பகுதி இந்தோனேசியாவிற்கு உரியது. பாப்புவா நியூகினியில் 800க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. மொழியால் வேறுபட்ட அம்மக்களிடையே பரவலாகக் காணப்படும் பொதுப்பொருள் ஒன்று உண்டு. அதுவே 'பிலும்' என்னும் நூற்பை.

இப்பையை ஆக்குவோர் பெரும்பாலும் மகளிரே. இதற்குத் தறி வேண்டா, கத்தரியும் வேண்டா. மரப்பட்டையின் உள்நாரை உரித்து, உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழிப்பர். அவ்விழைகளைத் தொடையின்மீது வைத்து உள்ளங்கையால் உருட்டி, இருபுரி நூலாக முறுக்குவர். முற்காலத்தில் பழந்தின்னி வௌவாலின் சிறகெலும்பே ஊசியாயிற்று. கண்ணிகள் ஒரே அளவினவாக அமையும்பொருட்டுத் தாழை இனத்து ஓலைக்கீற்று ஒன்றை இடையே வைத்துப் பின்னுவர்.

ஒவ்வொரு கண்ணியினூடும் நூலின் முழு நீளத்தையும் இழுத்தாக வேண்டும். ஆதலின், மிக நீண்ட நூலை முன்னரே திரித்து வைத்தல் பயன்படாது. நூல் தீருந்தோறும் அதன் நுனியில் புதுநாரைச் சேர்த்து முறுக்கிப் பின்னலைத் தொடர்வர். இவ்வாறு முடிச்சின்றி ஒரே நூலாக வளரும் பையில், ஓரிழை அறுந்தாலும் பின்னல் முழுவதும் பிரிந்துபோவதில்லை. ஒரு பை நிறைவுறப் பல வாரங்கள் ஆகும். சிறுமியர் அன்னையரின் அருகிலிருந்து கண்டும் செய்தும் இக்கலையைக் கற்கின்றனர்.

வெறுமையாக இருக்கையில் சுருங்கிக் கிடக்கும் பை, பொருளை இட்டதும் விரிந்து கொடுக்கும். அதன் வாரை நெற்றியில் மாட்டிப் பையை முதுகில் தொங்கவிட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் விறகையும் மகளிர் சுமந்து வருவர். காற்றுப் புகும் அப்பையிலேயே குழந்தையும் உறங்கும். கருப்பைக்கும் 'பிலும்' என்றே பெயர் வழங்குதல் எத்துணைப் பொருத்தம்!

மேற்குப் பகுதியில் இத்தகைய பைக்கு 'நோக்கன்' என்று பெயர். அக்கலை அருகி வருதலை உணர்ந்த யுனெஸ்கோ, 2012ஆம் ஆண்டில் அதனை உடனடியாகக் காக்கவேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கிழக்கிலோ, மகளிர் பலர் கடையில் வாங்கிய வண்ண நூலாலும் நைலான் நூலாலும் புதுக்கோலங்கள் பின்னி, கொரோக்கா, மவுண்ட் ஹேகன் முதலிய நகர்களில் விற்றுப் பொருளீட்டுகின்றனர். இதனால் நார் திரிக்கும் உழைப்பு குறைகிறது. குடும்பத்திற்கு வருவாயும் கிடைக்கிறது. ஆயினும், எம்மரத்தின் நார் ஏற்றது, அதனை எவ்வாறு முறுக்குவது என்னும் அறிவு எந்நூலகத்திலும் முழுமையாக அடங்குவதன்று. கைகளிலேயே அது வாழ்கிறது. ஒரு தலைமுறை கற்காது விடின், அந்நெடிய நூல் அங்கேயே அறுந்துவிடும். பின்னுவோரின் உழைப்புக்கு ஏற்ற விலையும், கற்க விழையும் இளையோரும் உள்ளவரையில் அது நீண்டுகொண்டே செல்லும்.