கைத்துப்பாக்கி: லேசானது மென்மையானதல்ல

தேனி, கம்பம் பக்கம் உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வாங்குபவர்களில், கை சிறியவர்கள் எடை குறைந்ததைத் தேடுகிறார்கள். அது தவறு. ஒரே தோட்டாவுக்கு, லேசான துப்பாக்கிதான் கையை அதிகம் உதைக்கும். 2014இல் கான்பூரில் பெண்களுக்கென அறிமுகமான .32 'நிர்பீக்' ரிவால்வர் சுமார் 500 கிராம்தான். கைப்பையில் வைக்க வசதி, ஆனால் சுடுவதற்கு அதே .32 தோட்டாவுக்குக் கனமான துப்பாக்கியே இதம். .22 தோட்டா இன்னும் மென்மை. பிடியை விரல்கள் முழுதாகச் சுற்றுகின்றனவா, ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையை எட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

பழகுவதற்கு 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல் போதும். உதைப்பு அநேகமாக இல்லை. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் வெண்கலம் வென்றது இதில்தான். தோட்டத்துக் காட்டுப்பன்றியை நினைத்துக் கைத்துப்பாக்கி வாங்கவே வாங்காதீர்கள். வீட்டில் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வையுங்கள்.