எங்களுக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள்?

கேள்வி: எங்கள் மகனுக்கு 24 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். என் கணவர் ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர். எங்கள் காலத்துக்குப் பிறகு பெங்களூரில் இருக்கும் மகள்தான் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?
- ஒரு வாசகி, ஆழ்வார்பேட்டை

பதில்: மகளிடம் கேட்டீர்களா? அவள் சம்மதித்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அவளையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

மகனுக்கு 18 வயது முடிந்ததுமே, பெற்றவர்கள் என்பதாலேயே நீங்கள் அவனுடைய சட்டப்படியான பாதுகாவலர் என்ற நிலை போய்விட்டது. பலருக்கு இது வங்கிக் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது! 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெறலாம். நியமிக்கப்படுபவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். சொந்தக்காரர் கையில் பணத்தைக் கொடுத்து 'பார்த்துக்கோப்பா' என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

சம்பாதிக்க இயலாத மகனுக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. கணவர் இருக்கும்போதே பென்ஷன் ஆணையில் அவன் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும்.

ஒரு நோட்டும் போடுங்கள். எந்த மாத்திரை எப்போது, எந்தத் தட்டில் போட்டால் சாப்பிடுவான், குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வானா என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?

பக்கத்திலேயே கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பு 1985 முதல் இயங்குகிறது. இந்த வாரமே போய் விசாரியுங்கள், மகனையும் அழைத்துக்கொண்டு.