முக்காடு யாருடைய முடிவு?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

பாப்பாரப்பட்டியிலிருந்து காலைப் பேருந்தில் வரும்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: "வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்களா?" நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே விடை எழுதத் துணிந்தேன்.

எங்கள் நன்னி புடவை முந்தானையையே தலைக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். காயல்பட்டினம், கீழக்கரைப் பெண்களுக்கு வெள்ளைத் துப்பட்டி வழக்கம். கறுப்புப் புர்கா தமிழகத்தில் பரவியது பிற்காலத்தில். குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில் முக்காட்டைப் பற்றிய 31ஆம் வசனத்திற்கு முந்திய வசனம், ஆண்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்கிறது. அதை ஏனோ எடுத்துச் சொல்வார் குறைவு!

2021 இறுதியில் உடுப்பியில் எழுந்த பிரச்சினை நாமறிந்ததே. 5-2-2022இல் கர்நாடக அரசு சீருடை ஆணை பிறப்பித்தது. மார்ச் 15இல் உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. அக்டோபர் 13இல் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பளித்தனர். நீதிபதி ஹேமந்த் குப்தா மாணவியரின் மேல்முறையீட்டைத் தள்ளினார். நீதிபதி சுதான்ஷு துலியாவோ, இது அப்பெண்ணின் விருப்பத்தைப் பொறுத்தது, அவள் படிப்பே முதன்மை என்றார்.

ஒகேனக்கல்லில் ஆற்றைத் தாண்டினால் கர்நாடகம். அப்போது நான் பள்ளி மாணவி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. "துணியா படிப்பான்னு கேட்டா, படிப்புன்னு சொல்லிடும்மா" என்றார் அத்தா. "அப்படிப்பட்ட படிப்பே வேண்டாம்" என்றார் நன்னி. இருவரும் என்னைக் கேட்கவேயில்லை. அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது.

ஈரானில் 1936இல் ரேசா ஷா முக்காட்டைத் தடை செய்தார். காவலர்கள் தெருவிலேயே அதைப் பறித்தனர். 1979 புரட்சிக்குப் பின் வந்த அரசு அதையே கட்டாயமாக்கியது. 2022இல் மாசா அமினி என்ற இளம்பெண், முக்காட்டை முறையாக அணியவில்லையென்று பிடிக்கப்பட்டு, காவலில் இருந்தபோது உயிரிழந்தார். பறித்தவர்களும் திணித்தவர்களும் பெண்ணைக் கேட்கவில்லை என்பதில் ஒன்றுபட்டவர்களே.

என் அக்கா முக்காடு அணிவதில்லை. உறவினர் வாய்க்கு அவள்தான் அவல். அவளுக்காகப் பேசாமல் எனக்காக மட்டும் நியாயம் கேட்டால் என் வாதம் அரை வாதமே.

கல்லூரியில் சேர வந்த நாளில் அத்தா முதலில் கேட்டது கட்டணத்தைப் பற்றியல்ல. "இந்தத் துணியோட உட்கார விடுவீங்களாம்மா?" என்றுதான் கேட்டார். பேராசிரியை அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆய்வுக்கூடத்தில் சுடர்ப் பக்கம் நிற்கும்போது மட்டும் நுனியை உள்ளே செருகிக்கொள்ளம்மா."