பிளாஸ்டிக் குழாய்களின் மரையிணைப்பு

கிணற்றடியிலும் சாயப் பட்டறையிலும் இரும்புக் குழாய்கள் இருந்த இடத்தை இன்று பி.வி.சி. குழாய்கள் பெரிதும் பிடித்துக்கொண்டன. துருப்பிடியாமையும் எடைக் குறைவும் இவற்றின் நற்குணங்கள். ஆயினும் இரும்பை முடுக்கிய பழக்கத்திலேயே இவற்றையும் பலர் முடுக்குவதால் மரையிணைப்புகள் கசிகின்றன, அன்றேல் பிளக்கின்றன.

குழாயின் மரை, போல்ட்டின் மரையைப் போன்றதன்று. வெளிமரை நுனியை நோக்கிச் சிறுத்துச் செல்லும். 16 அங்குல நீளத்திற்கு 1 அங்குலம் என்னும் விகிதத்தில் அதன் விட்டம் மாறுபடும். ஆகவே திருகத் திருக அது ஆப்புப்போல் உள்மரையைப் புறத்தே தள்ளுகிறது. இரும்பு அதனைப் பொறுக்கும். பிளாஸ்டிக்கோ அன்று பொறுத்தாற்போலக் காட்டி, சில நாளோ சில வாரமோ சென்றபின் நீளவாக்கில் கீறல் விடும். முடுக்கிய அன்று கசியவில்லை என்பது இணைப்பு செம்மையாயிற்று என்பதற்குச் சான்றாகாது.

இதிலிருந்து ஒரு விதி பெறப்படுகிறது. பிளப்பது எப்பொழுதும் உள்மரை உடைய உறுப்பே. எனவே பம்பின் வார்ப்பிரும்பு வாயில் பிளாஸ்டிக் வெளிமரையைச் செலுத்தலாம். பிளாஸ்டிக் உள்மரையில் இரும்பு வெளிமரையைச் செலுத்துதல் ஆகாது. வேறு வழியில்லையெனில் பித்தளை மரை பதித்த உறுப்பையே வாங்க வேண்டும். விலை கூடுதல்தான், பயிர் வாடும் கோடையில் ஒரு நாள் இறைப்பு நிற்பதை எண்ணினால் அது பெரிதன்று.

இரும்புக்குச் சணலும் வெள்ளைப் பூச்சும் வழக்கமாயிருந்தன. சணல் நீரில் ஊறிப் பருத்து நெருக்குமாதலால் பிளாஸ்டிக்குக்கு அது ஏற்றதன்று. குழாய் ஒட்டும் பசையை மரையில் தடவுவதும் தவறே. 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லான் என்னும் பொருளாலான நாடாவே தகுந்தது. மரையின் வாய் நம்மை நோக்கியிருக்க, கடிகார முள் செல்லும் திசையில், சற்றே இழுத்து, பள்ளங்களில் படியுமாறு 2 அல்லது 3 சுற்று சுற்றினால் போதும். மாறாகச் சுற்றினால் திருகும்போதே நாடா உருண்டு கழன்றுவிடும். பத்துச் சுற்றுச் சுற்றுவோரும் உளர். அவர்கள் ஆப்பைப் பருமனாக்குகிறார்கள். நாடா வழுக்குந் தன்மையது என்பதையும் மறத்தலாகாது. எளிதாகத் திரும்புகிறதே என்று மேலும் மேலும் முடுக்கத் தோன்றும்.

கையால் இறுகும் வரை திருகிய பின், 1 அல்லது 1½ சுற்றே மேற்கொண்டு தேவை. பல்லுள்ள ரெஞ்சு பிளாஸ்டிக்கில் வடுச் செய்யும். அவ்வடுவிலிருந்தே கீறல் தொடங்கும். வார் ரெஞ்சு இருப்பின் நலம். எல்போவின் முகம் நேராக நிற்கவில்லையென்று பின்னோக்கித் திருப்புதல் கூடாது. நாடா குலைந்துபோம், முழுதும் கழற்றி, துடைத்து, புதிதாகச் சுற்றவேண்டும். கசிவு கண்டாலும் இதுவே முறை. ரப்பர் வளையமுள்ள யூனியனுக்கோ நாடா வேண்டுவதில்லை. கையின் இறுக்கமே போதும்.

பம்பின் உறிஞ்சு குழாயில் தனிக் கவனம் வேண்டும். அங்கே பம்பு ஓடுகையில் நீர் வெளியே சொட்டாது. காற்று உள்ளே புகும். மோட்டார் ஓடியும் நீர் ஏறாதபோது மோட்டாரையே குறை கூறி மெக்கானிக்கை அழைக்கிறோம். அதற்குமுன், பம்பை நிறுத்திக் குழாயில் நீர் நிரப்பி, மரையிணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒரு நாழிகை கழித்துத் தொட்டுப் பார்க்கவேண்டும். ஈரம் இல்லாமலே நீர்மட்டம் இறங்குமாயின், குறை அடியிலுள்ள ஃபுட் வால்வில் இருக்கக்கூடும்.