கட்டடத் தகவல் நியமங்களும் அவற்றை நடைமுறைப்படுத்தலும்

முற்காலத்தில் வீடு கட்டக் கருதியவர் முதற்கண் ஆசாரியாரை அழைத்து நிலையம் எடுப்பிப்பர். அவர் கையிலிருந்த முழக்கோல் ஒன்றே சுவருக்கும் வாயில்நிலைக்கும் வளைக்கும் கைமரத்துக்கும் அளவு தந்தது. ஓரூர் ஆசாரியாரின் கோல் அயலூராரின் கோலினும் சற்றே கூடியோ குறைந்தோ இருத்தலும் உண்டு. அதனாற் கேடொன்றும் விளைந்திலது. ஒரு வீடு ஒரு கோலில் அமைந்தாற் போதியதாயிருந்தது. பலருக்குப் பொதுவான நிலவளவையின் நிலையோ வேறு. சோழர் காலத்துக் கோயிற் சுவர்கள் சிலவற்றில் நிலமளக்குங் கோலின் நீளம் கல்லிற் பொறிக்கப்பட்டிருத்தலை இன்றுங் காணலாம். ஐயம் நேர்ந்தவிடத்து எவருஞ் சென்று ஒப்புநோக்குதற்குரிய பொதுவளவு அது.

இன்று எழும் மருத்துவமனையையோ மாடித் தொகுதியையோ ஒருவர் தம் மனத்துள் அடக்கிவிடுதல் இயலாது. கட்டடக் கலைஞர் ஒருபுறம் வரைவர். அமைப்புப் பொறியியலாளர் ஒருபுறம் கணிப்பர். மின்னிணைப்பு, நீர்க்குழாய், குளிரூட்டல் ஆகியவற்றை அமைப்போர் தத்தம் கணினிகளில் தத்தம் பகுதியை ஆக்குவர். கணிய அளவையாளர் இவற்றையெல்லாம் நோக்கி விலை கணிப்பர். இவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர். வெவ்வேறு நாட்டில் இருப்பவராகவும் இருக்கலாம். இவர்க்குப் பொதுவான கோல் யாது? இவ்வினாவுக்கு விடையாக எழுந்தனவே கட்டடத் தகவல் மாதிரியமைப்பு நியமங்கள். பிம் என்னும் சுருக்கப் பெயரால் அத்துறை வழங்கப்படுகின்றது.

பொதுக்கோல் இன்மையால் விளைவதை றைன் நதிக்கரையில் ஒரு பாலம் காட்டிற்று. ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் இரு கூறாய் அமைந்த லௌபன்பேர்க் என்னும் ஊரில் இரு நாட்டாரும் இரு கரையிலிருந்தும் பாலம் அமைக்கலாயினர். ஜேர்மனியர் உயரத்தை வடகடல் மட்டத்திலிருந்து அளப்பர். சுவிஸ் நாட்டார் மத்தியதரைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பர். இரண்டிற்கும் வேறுபாடு 27 சென்ரிமீற்றர். இதனை இரு சாராரும் முன்னரே அறிந்திருந்தனர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. அறிந்து திருத்தமுஞ் செய்தனர். ஆயின் திருத்தத்தின் குறி மாறிவிட்டது. வேறுபாடு ஒழிவதற்குப் பதிலாக இருமடங்காகி 54 சென்ரிமீற்றர் ஆயிற்று. 2003ஆம் ஆண்டில் இது வெளிப்பட, ஒரு கரையின் வேலையைத் திருத்தியே பாலத்தைப் பொருத்த வேண்டியதாயிற்று. கணக்கறியாதார் எவரும் அங்கு இருந்திலர். ஒரு சாரார் தந்த எண்ணை மறுசாரார் எவ்வாறு கொள்ளவேண்டும் என்பதும், கொண்டதைச் சரிபார்ப்பவர் எவர் என்பதும் உறுதிப்படவில்லை.

இனி மாதிரி என்பது யாதெனச் சுருங்கக் கூறுவாம். பழைய வரைபடத்தில் இரு கோடுகள் வரைந்தால் அவற்றைச் சுவரென்று கொள்வது பார்ப்பவரின் அறிவு. கணினி மாதிரியிலோ சுவர் சுவராகவே பதியப்படும். அதன் தடிப்பு, பொருள், தீயைத் தாங்கும் நேரம் முதலியன அதனோடு இணைந்திருக்கும். அமெரிக்கப் பேராசிரியர் சார்ள்ஸ் ஈஸ்ற்மன் 1975இலேயே இக்கருத்தை எடுத்துரைத்தார். ஆயினும் ஒரு மென்பொருளில் ஆக்கியது மற்றொன்றில் ஒழுங்காகத் திறவாமை நெடுங்காலம் இடராக இருந்தது. இவ்விடரால் அமெரிக்காவின் பெருங்கட்டடத் துறை 2002ஆம் ஆண்டில் 1,580 கோடி டொலர் இழந்ததென அந்நாட்டு நியமங்கள், தொழினுட்ப நிறுவனம் 2004இல் மதிப்பிட்டது. அவ்விழப்பில் மூன்றில் இரு பங்கு வரைந்தோரையோ கட்டியோரையோ சாராது, கட்டடத்தை உடைமையாக வைத்து நடத்துவோரையே சார்ந்தது. இதனைப் பின்னரும் நினைவுகூர்வாம். எல்லா மென்பொருளும் வாசித்தற்குரிய ஐ.எப்.சி. என்னும் பொது வடிவம் 2013இல் சர்வதேச நியமமாயிற்று.

பொது வடிவம் மொழி போன்றது. ஒரே மொழி பேசுவோரும் வழக்காடுவர் அன்றோ? ஆதலின் யார், எதனை, எப்பொழுது, எந்நிலையில், எந்நோக்கத்துக்காகத் தருதல் வேண்டும் என்னும் ஒழுங்கு வேண்டப்பட்டது. பிரித்தானியர் 2007இல் வெளியிட்ட நியமமொன்றில் இதன் தொடக்கத்தைக் காணலாம். 2011இல் அந்நாட்டு அரசு, தன் கட்டட வேலைகளில் இம்முறை 2016ஆம் ஆண்டளவிற் கையாளப்படுதல் வேண்டுமென அறிவித்தது. அப்பட்டறிவைக் கொண்டே ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் சர்வதேச நியமத்தின் முதலிரு பகுதிகள் 2018இல் எழுந்தன. கட்டடம் பயன்பாட்டில் இருக்கும் காலத்தைப் பற்றிய பகுதியும் தகவற் பாதுகாப்பைப் பற்றிய பகுதியும் 2020இல் வெளிவந்தன.

இந்நியமத்தின் உட்பொருளை அறிதற்குக் கணினி வேண்டுவதில்லை. முதலாவது, கட்டடம் வேண்டுவோர் தமக்கு எத்தகவல் வேண்டும் என்பதை வேலைக்கு முன்னரே எழுத்திற் கூறுதல் வேண்டும். வேலைக்கு வருவோர் அதனை எவ்வாறு தருவர் என்னும் நிறைவேற்றுத் திட்டத்தை மறுமொழியாகத் தருவர். நடைமுறையில் முதற்படி வழுக்குமிடம் இதுவே. உரிமையாளர் பலர் தமக்கு வேண்டுவது யாதென்று சிந்தியாது, வேறொரு வேலைக்கு எழுதப்பட்ட பத்திரத்தைப் பெயர் மாற்றித் தருவர். அல்லது, கதவுப் பிணைச்சலின் திருகாணி ஈறாக அனைத்தும் மாதிரியில் வேண்டும் என்பர். யாம் அறிந்த வேலைத்தலமொன்றில், பாடசாலைக் கட்டடத்துக்கான கோரிக்கைப் பத்திரத்தில் விமானநிலையத்துக்குரிய சொற்கள் நீக்கப்படாமலே இருந்தன! நியமமோ தேவைக்கு மிகுந்த தகவலையும் வீண் என்றே கருதுகின்றது. எந்நோக்கத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, தகவலின் நிலை. இதனையே நியமத்தின் உயிர்நிலை என யாம் கருதுகின்றோம். ஒவ்வொரு கோப்பும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். ஆக்குவோர் தமக்குள் வைத்திருப்பது ஆக்கநிலை. சரிபார்த்துப் பிறர் நோக்கக் கொடுப்பது பகிர்நிலை. அதிகாரம் பெற்று, அதனைக் கொண்டு கட்டலாம் என விடுவது வெளியீட்டுநிலை. முன்னர் வழங்கியவை யாவும் அழியாது கிடப்பது காப்புநிலை. பிரித்தானிய வழக்கில் கோப்பின்மேல் எஸ்1 என்றிருந்தால் ஒருங்கிணைத்தலுக்கு மட்டும் உரியது, எஸ்2 என்றால் அறிதற்கு மட்டும் உரியது, எஸ்3 என்றால் ஆராய்ந்து கருத்துக் கூறற்கு உரியது. பி01 எனத் தொடங்கும் பதிப்பு முன்வரைவு; சி01 எனத் தொடங்குவது ஒப்பந்தத்துக்கு உரியது. இவ்விரண்டெழுத்துக்களை வெறுஞ் சடங்கென எண்ணும் இளைஞர் பலரைக் காண்கின்றோம். அவர் பொருட்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை விரித்துரைப்பாம்.

கான்சஸ் நகரின் ஹயற் றீஜென்சி விடுதியின் முன்கூடத்தில் நடைபாலங்கள் கூரையினின்று உருக்குக் கோல்களால் தொங்கவிடப்பட்டிருந்தன. நான்காம் மாடிப் பாலத்தின் நேர்கீழே இரண்டாம் மாடிப் பாலம் தொங்கிற்று. முதல் வடிவமைப்பின்படி, கூரையிலிருந்து இறங்கும் கோல் மேற்பாலத்தின் உத்திரத்தை ஊடுருவிக் கீழ்ப்பாலம் வரை முறியாது செல்லும்; மேல் உத்திரத்தின் அடியிலுள்ள சுரை மேற்பாலத்தின் சுமையை மட்டுமே தாங்கும். அத்துணை நீண்ட கோலிற் புரி வெட்டுதல் கடினமாதலின், உருக்கு வேலை செய்வோர் அதனை இரண்டாக்கினர்: கூரையிலிருந்து மேற்பாலத்துக்கு ஒரு கோல், மேற்பாலத்தின் உத்திரத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு மற்றொரு கோல். பார்வைக்குச் சிறுமாற்றம். ஆயின் மேல் உத்திரத்தின் சுரை இப்பொழுது இரு பாலங்களின் சுமையையுந் தாங்கவேண்டியதாயிற்று. கயிறொன்றைப் பற்றித் தொங்குவான் ஒருவனின் காலை மற்றொருவன் பற்றித் தொங்கினாற் போல என மாணவர் கொள்க. மூல வடிவமைப்பே நகர விதி வேண்டிய வலுவைப் பெற்றிருந்திலது. மாற்றம் அவ்வலுவையும் பாதியாக்கிற்று. 1981 யூலை 17ஆம் நாள் மாலை நடன விழாவுக்கு மக்கள் திரண்டிருந்தபோது பாலங்கள் வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர்.

அவ்வேலையில் பொறியியலாளரின் முன்வரைவை உருக்கு வேலைக்காரர் முடிந்த வரைபடமாகக் கொண்டனர். அவர் திருப்பியனுப்பிய வரைபடங்களைப் பொறியியலாளர் அவ்விணைப்பை மீளக் கணியாமலே ஒப்பமிட்டு விடுத்தனர். மாற்றத்தைத் தொலைபேசியிற் கேட்டுக்கொண்டோம் என்றனர் ஒரு சாரார். அவ்வாறு கேட்டதில்லை என்றனர் மறுசாரார். கணினி மாதிரி இருந்திருப்பின் இவ்விடர் நேர்ந்திராது என யாம் கூறமாட்டோம்; கோல் இரண்டானதைத் திரை அழகாகவே காட்டியிருக்கும். ஆனால், இவ்வரைபடம் எதற்கு உரியது, யார் மாற்றினர், யார் எதனைச் சரிபார்த்து அதிகாரம் வழங்கினர் என்னும் வினாக்களுக்கு விடையெழுதாது ஒரு தாளும் வேலைத்தலத்தை அடையலாகாது என்பதே நியமத்தின் விதி.

இவ்விதியைக் காக்கப் பொதுத் தகவற் சூழல் ஒன்று வேண்டும் என்பர். அது பணங்கொடுத்து வாங்கும் மென்பொருள் மட்டுமன்று. அதனுள் நிகழும் ஒழுங்கே அதன் பெரும்பகுதி. கோப்புறை ஒன்றைத் திறந்து அதற்கு இப்பெயரைச் சூட்டிவிட்டு, உண்மையான மாற்றங்களை வாட்ஸ்அப் செய்தியிலும் மின்னஞ்சலிலும் அனுப்பும் வழக்கம் இன்று எங்கும் மலிந்துள்ளது. மேற்கூறிய தொலைபேசிப் பேச்சின் மறுபிறவியே அது.

நியமத்தின் இரண்டாம் பகுதி, தேவையை ஆய்தல் தொடங்கி வேலையை முடித்து வைத்தல் ஈறாக எட்டுப் படிகளைக் கூறுகின்றது. அவற்றுள் மிகுதியாகத் தாண்டப்படுவது ஐந்தாவதான ஆயத்தப்படி. ஆக்கம் தொடங்குமுன் கருவிகளையும் ஒழுங்குகளையும் பரிசோதித்துப் பார்த்தல் இப்படியின் நோக்கம். எல்லாரும் ஒரு சிறு மாதிரியைப் பொதுவிடத்தில் வைத்து, அது மற்றவரிடம் உரிய இடத்தில், உரிய உயரத்தில், உரிய அலகில் திறக்கின்றதா என நோக்கினால், றைன் நதிக்கரையில் நேர்ந்தது போன்ற பிழை தாளிலேயே பிடிபடும். ஒரு நாள் வேலை. காலம் இல்லையென்று இதனையே விடுவர்.

வேலை முடிந்து திறப்புவிழா நடந்தபின் தகவல் என்னாகின்றது? உரிமையாளரின் இழப்பைப் பற்றி மேலே குறித்தது இவ்விடத்தைத் தொட்டே. இலண்டனின் கிறென்பெல் கோபுரத்தில் 2017 யூன் 14ஆம் நாள் நேர்ந்த தீயில் 72 பேர் மாண்டனர். பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பித்தபோது புறச்சுவரிற் பொருத்திய எரியும் உறையே தீயை மேல்நோக்கிக் கொண்டுசென்றது. அதன்பின் ஜூடித் ஹக்கிற் அம்மையார் 2018இல் அளித்த அறிக்கை, உயர்ந்த குடியிருப்புக் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் அதனுள் இருப்பவை யாவை, அவற்றை மாற்றியவர் எவர் என்னும் பதிவு கணினியிற் பேணப்படல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தகவலின் பொன்னிழை என்று அதனை வழங்குவர். 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், இங்கிலாந்தில் 18 மீற்றர் உயரமோ ஏழு மாடியோ கொண்ட குடியிருப்புகளுக்கு அதனைக் கடமையாக்கியது.

எம் கல்லூரிப் பழைய மாணவருள் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பிரித்தானியாவிலும் பொறியியலாளராகவும் கணிய அளவையாளராகவும் பணிபுரிவோர்க்கு இவை அன்றாடச் செய்திகள். சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களின் அனுமதிக்கு மாதிரியே வேண்டப்பட்டது. ஈழத்தில் இரண்டு மாடி வகுப்பறைத் தொகுதி கட்டுவிப்போர்க்கு இவற்றால் ஆவது யாதென வினவலாம். விலையுயர்ந்த மென்பொருள் இன்றியும் தொடங்கலாம் என்பது எம் கருத்து. கோப்புக்குப் பெயரிடும் விதி ஒன்று. நான்கு நிலைக்கும் நான்கு கோப்புறை. எவர் ஒப்பமின்றி எது வெளியீட்டுநிலையை அடையாது என்னும் பட்டியல் ஒன்று. இவற்றை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே சேர்த்தல் வேண்டும். சேர்க்காவிடில் ஒப்பந்தகாரர் அவற்றை அறிவுரையாகவே கொள்வர். வேலைத்தல மேற்பார்வையாளரிடம் காலைதோறும் அன்று கையிலிருக்கும் கொன்கிறீற்று வரைபடத்தின் பதிப்பெண்ணைக் கேட்டுப் பதிவேட்டோடு ஒப்பிடும் பொறுப்பைப் பயிற்சி மாணவர் ஒருவருக்குக் கொடுக்கலாம். பதிப்பெண் மாறியிருப்பின், கலவை தொடங்குமுன் அவர் வேலையை நிறுத்தச் சொல்வதற்கான அதிகாரத்தையும் எழுத்திற் கொடுத்தல் வேண்டும்.